கொன்றது காற்றா, லாபக் கணக்கா?

ஆப்பிரிக்காவில் மேற்கே செனகல் தொடங்கி கிழக்கே எத்தியோப்பியா வரை நீண்டு கிடக்கும் நிலப்பரப்புக்கு “மெனிஞ்சைட்டிஸ் மண்டலம்” என்று பெயர். டிசம்பர் முதல் ஜூன் வரை அங்கே வறண்ட காற்று புழுதியை வாரி இறைக்கும். மூளையையும் முதுகுத்தண்டு வடத்தையும் மூடியிருக்கும் சவ்வைத் தாக்கும் இந்தக் காய்ச்சல் அந்த மாதங்களில்தான் ஊர் ஊராகப் பரவும். 1996-97ல் இரண்டரை லட்சம் பேர் படுக்கையில் விழுந்தார்கள்; 25,000 பேர் மாண்டார்கள். பிழைத்தவர்களிலும் காது செவிடானவர்கள் உண்டு. கை கால் விளங்காமற் போனவர்கள் உண்டு.

“காற்று அப்படி, மண் அப்படி, அவர்கள் தலைவிதி அப்படி” என்று உச்சுக்கொட்டும் கனவான்களைக் கேட்கிறோம்: காற்றைத் தடுக்க முடியாது, சரி. கிருமியைத் தடுக்கவும் முடியாதா?

முடியும். வழி தெரிந்தே இருந்தது!

யாருக்காக விஞ்ஞானம்?

பழைய தடுப்பூசி இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சரியாகப் பலிக்கவில்லை. பெரியவர்களுக்கும் சில வருஷங்களே பாதுகாப்புக் கொடுத்தது. கிருமியின் மேலுறையில் உள்ள சர்க்கரைப் பொருளை ஒரு புரதத்தோடு பிணைத்து ஊசி செய்தால் குழந்தைக்கும் பலிக்கும், நெடுநாள் நிற்கும் என்பதை விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். 1999ல் பிரிட்டன் ‘சி’ ரகக் கிருமிக்கு எதிராக அத்தகைய ஊசியைத் தன் குழந்தைகளுக்குப் போட்டது. நல்ல காரியம். ஆனால் ஆப்பிரிக்கக் குழந்தைகளைக் கொள்ளை கொண்டது ‘ஏ’ ரகம். அதற்கு ஊசி செய்து கொடுக்கப் பெரிய மருந்துக் கம்பெனிகள் முன்வரவில்லை. ஏன்? வித்தை தெரியாமலா? இல்லை. வாங்க வேண்டியவன் கையில் காசில்லை! நோய் இருந்தது, மருந்துக்கு வழி இருந்தது, லாபம் மட்டும் இல்லை. அதனால் குழந்தைகள் செத்தார்கள்.

அரை டாலர் புகட்டிய பாடம்

2001ல் உலக சுகாதார ஸ்தாபனமும் ‘பாத்’ என்ற லாப நோக்கற்ற அமைப்பும் சேர்ந்து இந்த வேலையைக் கையிலெடுத்தன. கேட்ஸ் அறக்கட்டளை பணம் தந்தது. பிணைக்கும் முறை அமெரிக்க சர்க்காரின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. நமது புனா நகரத்து சீரம் இன்ஸ்டிட்யூட் ஊசியைத் தயாரித்தது. ஒரு டோஸ் அரை டாலருக்குள்!

“அதுவும் தனியார் கம்பெனிதானே?” என்று சிலர் மடக்கப் பார்ப்பார்கள். ஆம், தனியார்தான். ஆனால் ஆராய்ச்சிச் செலவைப் பிறர் சுமந்தார்கள். ஏழை நாடுகள் கொடுக்கக்கூடிய விலை முதலிலேயே பேசி முடிக்கப்பட்டது. சந்தையை அதன் போக்கில் விட்டிருந்தால் அந்த ஊசி பிறந்தே இருக்காது.

2010 டிசம்பரில் புர்க்கினா பாஸோவில் பெரும் இயக்கமாகத் தொடங்கி, 30 கோடிக்கும் மேற்பட்டோருக்கு ஊசி போடப்பட்டது. 2017க்குப் பிறகு அந்த மண்டலத்தில் ‘ஏ’ ரக நோய் உறுதி செய்யப்பட்டதாகத் தகவலே இல்லை. அதே காற்று, அதே புழுதி! தலைவிதி எங்கே போயிற்று?

மற்ற ரகங்கள் இன்னும் ஓயவில்லை. ஐந்து ரகங்களைத் தடுக்கும் புதிய ஊசியை 2024ல் நைஜீரியா முதன்முதலாகப் போடத் தொடங்கியது. அது எல்லோருக்கும் கிடைக்க வேண்டும்.

நமது வீட்டில்

இந்த நோயை உண்டாக்கும் கிருமிகள் பல. அவற்றில் ஹிப் கிருமிக்கு எதிரான மருந்து அடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசி தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் 2011ல் இலவசமாக வந்தது. நிமோகாக்கஸ் ஊசி 2021ல் நாடெங்கும் வந்தது. இவை தர்மப் பிச்சையல்ல, மக்கள் வரிப்பணம். தவணை தவறாமல் குழந்தைக்குப் போடுங்கள்!

கடும் ஜுரம், மண்டையைப் பிளக்கும் வலி, கழுத்து விறைப்பு, வாந்தி, வெளிச்சத்தில் கண் கூச்சம், நினைவுத் தடுமாற்றம், கைக்குழந்தைக்கு உச்சிக்குழிப் புடைப்பு: இவற்றைக் கண்டால் தாயத்துக் கட்டிப் பொழுதைக் கழிக்காதீர்கள். ஒரே நாளில் உயிர் போகலாம். பாக்டீரியாவால் இந்நோய் கண்டவர்களில் ஆறில் ஒருவர் சாகிறார். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்!

அங்கே டாக்டர் இல்லையா, மருந்து இல்லையா? ஊர் திரண்டு கேளுங்கள். உயிர் காக்கும் மருந்து கடைச்சரக்கல்ல; மக்களின் உரிமை!