வாங்கும் வரிசையும் கொடுக்கும் வரிசையும்

கொல்கத்தாவின் தென்பகுதியில், ரவீந்திர சரோவர் ஏரிக்குத் தெற்கே, பட்ஜ் பட்ஜ் செல்லும் இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த குடியிருப்பு லேக் கார்டன்ஸ். ஏரியைச் சுற்றியுள்ள பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. அருகிலுள்ள லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் கறிவேப்பிலையும் காப்பித்தூளும் கிடைப்பதால், ஊரைப் பிரிந்த குறை பெரிதாகத் தெரிவதில்லை. வீட்டில் ஒருவர் நோயுறும்போதுதான் அது தெரிகிறது.

அறுவை மருத்துவத்திற்கு நாள் குறித்தபின், நோயாளிக்குச் செலுத்தும் குருதிக்கு ஈடாக உறவினர் சிலரை அழைத்து வருமாறு கேட்பது பல மருத்துவமனைகளில் வழக்கம். ஊரில் என்றால் சித்தப்பா வருவார். மாமன் மகன் வருவான். ஹவுராவிலிருந்து சென்னையோ 1,660 கிலோமீட்டர் தொலைவு. தொலைபேசியில் ஆறுதல் உடனே வந்துவிடும், குருதி வராது. அந்நேரத்தில் கைகொடுக்கக் கூடியது 'பாடா' என்று வங்காளிகள் அழைக்கும் தெருச் சமூகமும் அதன் மன்றமுமே.

துர்க்கை பூசை நடத்தும் அதே மன்றங்கள்தாம் இங்குக் குருதிக்கொடை முகாம்களையும் நடத்துகின்றன. மூங்கிற்பந்தல், ஒலிபெருக்கி, நான்கைந்து கட்டில்கள், கொடுத்து எழுந்தவருக்கு வாழைப்பழமும் முட்டையும் சந்தேஷும் எனப் பார்ப்பதற்குச் சிறு திருவிழாவாகவே தோன்றும். இந்தியாவின் முதல் குருதி வங்கி 1942ஆம் ஆண்டில் இந்நகரில்தான் தொடங்கப்பட்டது. பணத்திற்குக் குருதி விற்பதை ஒழிக்குமாறு 1996இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 1998 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதன்பின் இத்தகைய முகாம்களின் தேவை முன்னினும் மிகுந்தது.

பூசைக்குச் சந்தா கொடுத்ததோடு பாடாவுக்குரிய கடமை முடிந்தது எனக் கருதும் தமிழ் வீடுகள் உண்டு. ஆண்டுதோறும் தவறாமல் முகாமுக்குச் செல்வோரும் உளர். அவர்களை மறந்து பொதுவாகக் குறைகூறுவது நேர்மையன்று. செல்லாதோர் கூறும் காரணங்கள் இரண்டு. உடல் தளர்ந்துவிடும் என்பது ஒன்று. வளர்ந்தவர் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் குருதி ஓடுகிறது. ஒருமுறை எடுப்பது 350 அல்லது 450 மில்லிலிட்டர். அதன் நீர்ப்பகுதி ஓரிரு நாளிலும் சிவப்பணுக்கள் சில வாரங்களிலும் மீண்டும் நிறைந்துவிடும். 'அது அவர்கள் நடத்தும் விழா' என்பது மற்றொன்று. இதுவே ஏற்கத்தகாதது. குருதி வங்கியின் வாயிலில் வாங்க நிற்கும்போது எவரும் அவ்வாறு எண்ணுவதில்லை.

குருதியைத் தொழிற்சாலையில் செய்ய இயலாது. நெடுநாள் சேமிக்கவும் இயலாது. சிவப்பணுக்களை மிகுதியாக 42 நாள்களும் தட்டணுக்களை 5 நாள்களுமே வைத்திருக்கலாம். மழைக்காலத்தில் டெங்குக் காய்ச்சல் பரவினால் தட்டணுக்கள் தேவைப்படும். தலசீமியா என்னும் பிறவிக் குருதிநோய் உற்ற குழந்தைகளுக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை குருதி ஏற்றியாக வேண்டும். கோடை வெயிலில் முகாம்கள் குறைந்தாலும் அவர்கள் தேவை குறைவதில்லை. ஆகவே ஒரே நாளில் பெருங்கூட்டம் திரண்டு கொடுப்பதினும், ஆண்கள் மூன்று மாதத்திற்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்திற்கு ஒருமுறையும் முறையாகக் கொடுப்பதே பயன் தரும்.

சில முகாம்களில் பரிசுப்பொருள் கொடுத்துக் கூட்டம் சேர்க்கும் வழக்கம் புகுந்துள்ளது. அது நன்றன்று; பரிசை விரும்பி வருபவர் தம் நோயை மறைக்கக்கூடும். சந்தேஷ் வேறு, அது களைப்புக்கு.

பதினெட்டு வயது நிறையாதோர் குருதி கொடுக்க இயலாது. குருதிச்சோகையால் திருப்பி அனுப்பப்படுவோரும் வெட்கப்பட வேண்டியதில்லை. பெயர்ப் பதிவேடு எழுதவும், தண்ணீர் கொடுக்கவும், மயங்குவோர் அருகில் அமரவும் அங்கு ஆள் வேண்டும். வங்காளம் பேசத் தயங்கிப் பந்தலின் வாயிலிலேயே நின்றுவிடும் தமிழ்த் தாய்மார் உண்டு. மருத்துவர் கேட்கும் கேள்விகளைத் தமிழில் சொல்லி அத்தாயை உள்ளே அழைத்துச் செல்ல, தெருவில் வங்காளம் பேசி வளர்ந்த அவ்வீட்டுச் சிறுமியைவிடத் தகுந்தவர் அங்கு எவருமில்லை.