கதவைத் தட்டும் கடன் ஓலை

தோழனே! திருவொற்றியூரில் ஆலைப் புகையிலே அரைவாழ்வைக் கரைத்து, கடன்பட்டு வீடு கட்டினானே ஒரு தொழிலாளி, அவனுக்கு வந்திருக்கிறது பதிவுத் தபால். 60 நாளில் கடன் முழுவதையும் கட்டு என்கிறது. தவறினால், வழக்குத் தொடுக்காமலே வீட்டைக் கைப்பற்ற வங்கிக்கு உரிமை தந்துவிட்டது 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம்!

90 நாளுக்கு மேல் தவணை நின்றால் வாராக்கடனாம். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் படர்ந்து எண்ணூர்க் கழிமுகம் கறுத்ததே, அன்று வலைவீச வழியற்ற மீனவன் எந்தத் தவணையைக் கட்டியிருப்பான்? கடலைக் கெடுத்தவன் ஒருவன்; கடன்காரன் இவனா?

எனினும் கலங்காதே. அந்தச் சட்டத்திலேயே நமக்கும் சில பிடிமானங்கள் உண்டு. மறுப்பு எழுதினால், ஏற்க மறுக்கும் வங்கி 15 நாளில் காரணம் காட்டியாக வேண்டும். கைப்பற்றினாலோ, 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். சென்னையிலேயே இருக்கிறது அது. முறையிடுமுன் முக்கால் பங்கைக் கட்டு என்ற கொடுவிதியை 2004இல் உச்சநீதிமன்றமே வெட்டி வீழ்த்தியது. அசலும் வட்டியுமான தொகையில் 20 விழுக்காட்டுக்கும் குறைவாகவே பாக்கி என்றால், இச்சட்டம் அவ்வீட்டைத் தீண்டவே முடியாது. இதைச் சொல்வார் யார் அவனுக்கு?

தபால் வந்த வீட்டுக்கு இன்றே போ. தேதியைக் குறி. மறுப்பை அவனோடு அமர்ந்து எழுது.