சுவடும் சுவடியும்

அம்பாசமுத்திரத்தில் எம் ஆச்சி வாழ்கின்றார். வலிப்பு நோய்க்கென ஃபெனிட்டாயின் என்னும் மாத்திரையைப் பல்லாண்டுகளாக நாடோறும் உண்டு வருகின்றார். சென்ற கோடை விடுமுறையில் அவர்க்கு மருந்து வாங்கச் சென்றபோது, கடைக்காரர் வேறொரு நிறுவனத்தார் செய்த மாத்திரையைத் தந்தார். உறையின் நிறம் மாறியிருக்கக் கண்ட ஆச்சி, "இதுவும் பழைய மருந்தும் ஒன்றுதானா, ஐயா?" என எம்மை வினவினார். "ஒன்றுதான், ஆச்சி" என்று விடையிறுத்தோம். விடையிறுத்த பின்னரே, அதனை யாம் எங்ஙனம் அறிந்தோம் என்னும் ஐயம் எம் உள்ளத்தில் எழுந்தது. இம்மருந்தின் அளவு குருதியிற் குறைந்தால் வலிப்பு மீளும். மிகுந்தால் தலைசுற்றலும் தள்ளாட்டமும் தோன்றும். ஆதலின் ஆச்சியின் வினா எளியதன்று.

இருவேறு நிறுவனத்தார் செய்த மருந்துகள் உடலில் ஒத்து நிகழ்கின்றனவா என்பதை அறிதற்கு ஒரு முறை உண்டு. நோயற்ற தன்னார்வலர் சிலர்க்கு முதலில் ஒரு மருந்தையும், சின்னாள் கழித்து மற்றதையும் கொடுத்து, குறித்த நேரந்தோறும் குருதி எடுத்து, அதிலுள்ள மருந்தின் அளவைக் காண்பர். அவ்வளவுகளை வரைபடத்திற் குறித்தால், மருந்து ஏறி இறங்கும் கோடொன்று கிடைக்கும். அக்கோட்டின் உச்சியையும் அதன்கீழ் அடங்கிய பரப்பையும் இரு மருந்துக்கும் ஒப்பிடுவர். அவ்விகிதத்தின் நம்பக இடைவெளி நூற்றுக்கு 80 முதல் 125 வரையுள்ள எல்லைக்குள் அடங்குமாயின், இரண்டும் ஒத்தன என்பது பொதுவிதி. நம் நாட்டிலும் 2017-ஆம் ஆண்டின் விதித் திருத்தத்தால், நீரில் எளிதிற் கரையாத வகை மருந்துகளைச் செய்யப் புதிதாக உரிமம் வேண்டுவோர்க்கு இச்சோதனை கட்டாயமாயிற்று.

நிற்க. இக்கணக்கை இந்நாளிற் கணினியின் மென்பொருள் செய்கின்றது. எனினும் எல்லாவற்றையும் அது தானே துணிவதன்று. கோடு இறங்கும் இறுதிப் பகுதியில் மூன்று புள்ளிகளைக் கொள்வதா, ஐந்தைக் கொள்வதா? பரப்பை நேர்கோட்டு முறையாற் காண்பதா, மடக்கை முறையாற் காண்பதா? மருந்துண்டவுடன் வாந்தியெடுத்த ஒருவருடைய அளவுகளைக் கணக்கினின்று நீக்குவதா? இவற்றையெல்லாம் மனிதரே தெரிவு செய்கின்றனர். தெரிவு மாறின் விடையும் மாறக்கூடும். ஆதலின் விடையை மட்டும் எழுதிவைத்தல் போதாது. எந்த மூல அளவுகளினின்று, மென்பொருளின் எந்தப் பதிப்பால், யார், எந்நாளில், எக்காரணத்தால் அவ்விடையைக் கண்டனர் என்பதும், மாற்றப்பட்ட பழைய எண் யாது என்பதும் உடனிருத்தல் வேண்டும். இதனையே யாம் சுவடு என்கின்றோம். இவையனைத்தையும் பிற்காலத்தார் திறந்து படித்து, மீண்டும் கணக்கிட்டுப் பார்க்குமாறு ஒருங்கே காத்து வைப்பது சுவடி. கணினியில் வைக்கும் ஆவணங்களில் மாற்றம் நிகழுங்கால், முன்னர் எழுதியது மறையலாகாது என அமெரிக்க உணவு மருந்து ஆட்சியகம் 1997-ஆம் ஆண்டிலேயே விதி செய்தது.

இவ்விதியெல்லாம் வீண் நுணுக்கம் என்று கருதுவார், நம் தமிழ்நாட்டில் நிகழ்ந்த ஒன்றை எண்ணிப் பார்ப்பாராக. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இத்தகைய சோதனைகளை நடத்திய மைக்ரோ தெராப்யூடிக் ரிசர்ச் லாப்ஸ் என்னும் நிறுவனத்தை ஆஸ்திரியா, நெதர்லாந்து நாடுகளின் அதிகாரிகள் 2016-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆராய்ந்தனர். தரவுகள் உள்ளவாறு காட்டப்படவில்லை என்றும், ஆவணங்களைப் பேணியதிற் குறைகள் உள என்றும் கண்டனர். 2012 ஜூன் முதல் 2016 ஜூன் வரை அங்கு நடந்த சோதனைகளை நம்பவியலாதென, அவற்றையே சான்றாகக் கொண்ட பல மருந்துகளின் உரிமத்தை நிறுத்திவைக்குமாறு ஐரோப்பிய மருந்து முகமை 2017-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் பரிந்துரைத்தது. அம்மருந்துகளால் எவர்க்கும் தீங்கு நேர்ந்ததாகவோ, அவை பயனற்றன என்றோ சான்றில்லை என்பதையும் அம்முகமையே கூறிற்று. மருந்து நன்றாகவே இருந்திருக்கலாம். அதனை மெய்ப்பிக்கும் வழியே கெட்டுவிட்டது. நான்காண்டுகளின் உழைப்பும், தன்னார்வலர் ஈந்த குருதியும் பயனிழந்தன என்பதை நினைக்க எம் உள்ளம் வருந்துகின்றது.

வந்த வழியைக் காட்டிக் கணக்கெழுதும் வழக்கம் நமக்குப் புதிதன்று. அம்பாசமுத்திரத்து வரகுண பாண்டியர் கல்வெட்டே அதற்குச் சான்று. இறைவனுக்கு நாள்வழிபாடு நடத்த அரசர் 290 காசு அளித்தார். அதனை இளங்கோக்குடிச் சபையார் ஏற்றனர். முதல் குன்றாதிருக்க, காசொன்றுக்கு ஆண்டுக்கு இரு கலமாக 580 கலம் நெல் வட்டியாக அளத்தல் வேண்டும் எனவும், அந்நெல் எவ்வெப்பொருட்கு எவ்வளவு செல்லும் எனவும் அக்கல் விரித்துரைக்கின்றது. 580 என்னும் எண்ணை மட்டும் பொறித்திருப்பின் நாம் நம்புவதன்றி வேறு செய்தற்கில்லை. முதலும் வட்டி வீதமும் உடனிருத்தலின், ஆயிரம் ஆண்டுகட்குப் பின்னரும் நாமே பெருக்கிச் சரிபார்க்கின்றோம்.

தமிழ் பயிலும் எமக்கு வேறொரு சான்றும் நினைவுக்கு வருகின்றது. பத்துப்பாட்டை 1889-ஆம் ஆண்டிற் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரவர்கள் நெல்லைச் சீமையிலும் ஏடு தேடி அலைந்தவர். தமக்குக் கிடைத்த ஏடுகள் யாருடையவை என்பதையும், ஏட்டுக்கு ஏடு வேறுபடும் பாடங்களையும் தம் பதிப்புகளிற் குறித்துச் சென்றார். தாம் கொள்ளாத பாடத்தையும் காட்டியமையால், அவர் கொண்ட பாடத்தைப் பின்வந்தோர் ஆராய இடமுண்டாயிற்று.

'கணினி தானே எல்லாவற்றையும் பதிவு செய்யுமே. நாம் கவலுவது ஏன்?' எனச் சிலர் கேட்கலாம். மாற்றம் நிகழ்ந்த நேரத்தைக் கணினி குறிக்கும். ஏன் மாற்றினோம் என்பதை நாமே எழுதவேண்டும். ஒரே கடவுச்சொல்லைப் பலர் வழங்கினால், மாற்றினார் இன்னார் என்னும் பதிவும் பொய்யாகும். மேலும், இன்றுள்ள மென்பொருள் இருபதாண்டு கழித்து இல்லாமற்போகலாம். பழைய ஏடு செல்லரிக்கு முன் புதிய ஏட்டிற் படியெடுத்து வைத்தனர் நம் முன்னோர். அவ்வாறே கணினிக் கோப்புகளையும் வேறு மென்பொருளாலும் படிக்கத்தக்க வடிவில் அவ்வப்போது படியெடுத்து, அப்படி மூலத்தோடு ஒத்துள்ளதா எனப் பார்த்து வைத்தல் வேண்டும். இதற்குப் பொருளும் உழைப்பும் செலவாகும் என்பது மெய்யே. சான்றிழந்த சோதனையை மீண்டும் நடத்துவதற்கோ அதனினும் மிகுதியாகச் செலவாகும். மீண்டும் சிலர் கை நீட்டிக் குருதியும் தரல்வேண்டும்.

பிறரைக் குறை கூறுமுன் எம் குறையையும் ஒப்புக்கொள்ளக் கடவோம். பள்ளி நாளில் ஊசற் சோதனையில் எமக்குக் கிடைத்த விடை புத்தகத்து விடையோடு ஒவ்வாதிருந்தது. யாம் அழிப்பானை எடுத்தோம். விடையினின்று பின்னோக்கிக் கணக்கிட்டு அளவுகளைத் திருத்தினோம். முழு மதிப்பெண்ணும் பெற்றோம். அந்நாளில் அதனைப் பிழையென்றே எண்ணவில்லை. இன்று நினைக்குங்கால் நாணுகின்றோம். ஆய்வுக்கூடங்களிற் பெரிய அளவில் நேரும் தீங்கு, மாணாக்கர் குறிப்பேட்டிலேயே பழகப்படுகின்றது என்பது எம் கருத்து.

ஆதலின் எம் கல்லூரி ஆய்வறைகளில் ஒரு விதி வேண்டுமென விண்ணப்பிக்கின்றோம். குறிப்பேட்டில் எதனையும் அழித்தலாகாது. தவறிய அளவை ஒரு கோட்டால் அடித்து, புதியதை அருகில் எழுதி, நாளும் காரணமும் குறித்துக் கையொப்பமிடல் வேண்டும். ஒவ்வாத விடையை உள்ளவாறே காட்டிய மாணாக்கனுக்கு மதிப்பெண் குறைத்தலும் ஆகாது. இங்கு இவ்வாறு பழகியவர் நாளை மருந்தாய்வுக் கணினியின்முன் அமரும்போதும் அவ்வாறே செய்வர். அன்று எம் ஆச்சி போன்றார் மீண்டும் வினவினால், யாம் வாய்க்கு வந்ததைக் கூறாமல் அறிந்து விடை கூறுவோம்.