கடலுக்குத் திரும்பிய புல்

கோட்டைப்பட்டினம் கரையில் காற்று மாறும் நாள்களில் பச்சை நாடா போன்ற இலைகள் குவியலாக ஒதுங்கும். வலையில் சிக்கினால் உதறிவிட்டுப் போகிறோம். பாசி என்றே பலரும் நினைக்கிறோம். கையில் எடுத்துப் பார்த்தால் வேரும் கிழங்குத்தண்டும் தெரியும். இது கடற்புல், நீருக்கடியிலேயே பூத்துக் காய்க்கும் செடி.

இதன் முன்னோர்கள் நிலத்தில் வாழ்ந்தவர்கள். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலுக்குள் இறங்கினார்கள். குளிர்நாட்டுக் கடற்புல்லான ஸோஸ்டெரா மரீனாவின் மரபணுத் தொகுப்பு 2016-இல் வெளியானது. காற்றை உள்வாங்கும் இலைத்துளைகளை உருவாக்கும் மரபணுக்களையே அது இழந்துவிட்டிருந்தது. நம் பாக் விரிகுடாவில் வளர்பவை வேறு இனங்கள். அவற்றின் இலைகளிலும் துளை கிடையாது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. 2003-இல் ஐரோப்பாவைக் கடும் வெப்பம் வாட்டியபோது, பால்டிக் கடலில் அதே ஸோஸ்டெரா மரீனாவின் பல மரபுவகைகளைக் கலந்து நட்டிருந்த திட்டுகள், ஒரே வகை நட்ட திட்டுகளைவிட நன்றாகத் தழைத்தன. கடல் சூடேறும் காலத்தில் இந்தக் கலப்புதான் புல்லின் சேமிப்பு.

நம் கடலிலோ விசைப்படகுகளின் இழுவை மடி இந்தப் புல்லை வேரோடு பெயர்க்கிறது என்கிறார்கள் நாட்டுப்படகு மீனவர்கள். இறாலும் நண்டும் குஞ்சாக வளரும் இடம் அது என்பதால், அவர்கள் குறை நியாயமானது. விசைப்படகுக்காரர்களின் பாடும் லேசானதல்ல. டீசல் செலவு, படகுக் கடன், கடல் எல்லை தாண்டியதாகக் கைதாகும் அச்சம். கரையை ஒட்டிய கடலில் தொழில் செய்யச் சட்டம் விடாது. அதற்கும் எல்லைக்கும் நடுவில் எஞ்சும் கடல் குறுகியது. நங்கூரத்தால் புல்லைக் கிளறுவதில் சிறு படகுகளுக்கும் பங்குண்டு.

தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் அரசு கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. ஆவுளியா என்று நாம் சொல்லும் அந்தக் கடல்பசுவுக்கு இரை இந்தப் புல்தான். அறிவிப்பு காகிதத்தோடு நிற்காமலிருக்க, ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் தடைக்காலம் நல்ல வாய்ப்பு. விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்நாள்களில் இரு தரப்புச் சங்கங்களும் வனத்துறையோடும் மீன்வளத்துறையோடும் உட்காரலாம். புல் அடர்ந்த இடங்களை மீனவர்களே காட்டட்டும். அங்கே மிதவை கட்டுவோம். மறுநடவு செய்தால் ஒரே திட்டில் நாற்று பறிக்காமல், மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று ஊருக்குக் கொஞ்சமாக எடுத்துக் கலந்து நடுவோம்.