வாய்ப்பேச்சை நம்பிக் குடியிருக்காதீர்கள்!

சிமெண்ட் ஆலைக்கு ஷிப்டு போகிறவர்களே, எறையூர் காலணி ஆலைப் பெண்களே, பிள்ளைகளின் படிப்புக்காக ஊரை விட்டு டவுனுக்கு வந்தவர்களே! இந்த மாத வாடகையைக் கொடுக்கும் முன் ஒரு கேள்வி: உங்கள் குடித்தனத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா?

"நல்ல மனுசன், வாயால் சொன்னாலே போதும்" என்கிறோம். போதாது! வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளை முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய்விட்டது. பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம் நகராட்சிகளில் மட்டுமல்ல, குரும்பலூர், உடையார்பாளையம் பேரூராட்சிகளிலும் புதிய சட்டம்தான் செல்லும். இந்தச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் போடத் தவறியதையே காரணமாகக் காட்டி வீட்டுக்காரர் நம்மை வெளியேற்றக் கேட்கலாம். வாடகையை நாள் தவறாமல் கட்டியிருந்தாலும் கேட்கலாம். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பதினொரு மாதப் பத்திரத்தை எழுதி பீரோவில் வைத்துவிட்டால் பதிவே வேண்டாம் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். அந்தக் காலம் மலையேறிவிட்டது. எத்தனை மாத ஒப்பந்தமானாலும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர் அவர். இணையத்திலேயே பதியலாம். வீட்டுக்காரர் சேர்ந்து வர மறுத்தால் நாம் தனியாகவே விவரங்களைக் கொடுக்கலாம்.

அட்வான்ஸ்! நம் சேமிப்பையெல்லாம் விழுங்குவது இதுதான். மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது சட்டம். ஆனால் கவனம்: பத்து மாத அட்வான்ஸுக்கு ஒப்புக்கொண்டு நாமே கையெழுத்துப் போட்டுவிட்டால் அதுவே செல்லும். ஆகவே படித்துப் பார்க்காமல் பேனாவைத் தொடாதீர்கள். காலி செய்தபின், பாக்கி போக மீதியை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும்.

தகராறு வந்ததும் தண்ணீரை நிறுத்துவதும் கரண்டைப் பிடுங்குவதும் சட்டவிரோதம். பயந்து மூட்டை கட்டாதீர்கள். அன்றே வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள். வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுக்கிறாரா? அதற்காகக் கட்டாமல் இருந்துவிடாதீர்கள். இரண்டு மாதப் பாக்கி விழுந்தால் வெளியேற்றக் கேட்க அவருக்கு வழி திறந்துவிடும். ஒவ்வொரு மாதமும் ரசீது கேளுங்கள்.

வீட்டுக்காரர்கள் எல்லோரும் நம் எதிரிகள் அல்ல. பின்கட்டில் ஓர் அறையை வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தில் மருந்து வாங்கும் அம்மாக்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். வாடகை நின்றுபோனால் அவர்களுக்கும் துணை அந்த ஒப்பந்தத் தாள்தான். அவர்களையும் அழைத்து உட்காரவைத்துப் பேசுங்கள்.

வக்கீலுக்குக் காசில்லை என்று ஒதுங்க வேண்டாம். பெண்கள், தொழிற்சாலைத் தொழிலாளிகள், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞரை இலவசமாகத் தர வேண்டும். அழைக்க வேண்டிய எண் 15100.

தெருவுக்கு இரண்டு பேர் முன்வாருங்கள்! வீடு வீடாகப் போய், ஒப்பந்தம் இல்லாத குடித்தனங்களைக் கணக்கெடுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுங்கள். அடுத்த வாடகைத் தேதிக்கு முன் இந்த வேலை முடிய வேண்டும். இன்றே கிளம்புங்கள், தோழர்களே!