பங்கில்லாத பார்ட்னர்

ஆங்கிலத்தில் 'பார்ட்னர்' என்ற சொல்லுக்குப் பொருள் பல. வாழ்க்கைத் துணையும் பார்ட்னர். டென்னிஸ் இரட்டையர் ஆட்டத்தில் உடன் ஆடுபவரும் பார்ட்னர். கடையில் முதல் போட்டவரும் பார்ட்னர். வரவிலும் இழப்பிலும் சேர்ந்து நிற்பது இம்மூன்றுக்கும் பொது. செயலி நிறுவனங்களோ இதற்கு நான்காவதாக ஒரு பொருளை ஏற்றியுள்ளன. உணவுப் பொட்டலத்தைச் சுமந்து இருசக்கர வாகனத்தில் விரையும் இளைஞர் 'டெலிவரி பார்ட்னர்' ஆகிவிட்டார்.

சட்டம் இச்சொல்லை இவ்வளவு மலிவாகக் கையாளவில்லை. 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், தொழிலின் லாபத்தைப் பகிர்ந்துகொள்ள ஒப்புக்கொண்டவர்களின் உறவையே கூட்டாண்மை என்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, தொழிலை நடத்துவதில் பங்கேற்கவும் கணக்கேடுகளைப் பார்வையிட்டு நகலெடுக்கவும் கூட்டாளிக்கு உரிமையுண்டு. ஒப்பந்தம் அளித்த அதிகாரத்தை நல்லெண்ணத்துடன் பயன்படுத்தினாலன்றி, பெரும்பான்மையினர் சேர்ந்தாலும் ஒரு கூட்டாளியை வெளியேற்ற முடியாது.

டெலிவரித் தொழிலாளியின் நிலை என்ன? வண்டி அவருடையது, பெட்ரோல், பழுதுச் செலவு, கைபேசி எல்லாம் அவருடையவை. ஒரு நடைக்கான தொகையை எந்தக் கணக்கில் நிர்ணயிக்கிறார்கள் என்பதுகூட அவருக்குத் தெரியாது. ஒரு நாள் காலையில் 'ஐடி பிளாக்' ஆனால், காரணம் கேட்க எதிரே ஓர் ஆள்கூட இருப்பதில்லை.

'தொழிலாளி' என்று அழைத்தால் குறைந்தபட்சக் கூலி, வருங்கால வைப்பு நிதி, விபத்து இழப்பீடு ஆகிய கேள்விகள் எழும். அதற்காகவே இந்தச் சொல். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் கிக் தொழிலாளரை, மரபான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே வேலை செய்பவர் என்றே வரையறுத்து நிறுவனங்களுக்கு வழிவிட்டது. நிதி ஆயோக் கணக்குப்படி 2020–21இல் இத்தகையோர் 77 லட்சம் பேர், 2029–30இல் 2.35 கோடியாவார்கள் என்பது அதன் மதிப்பீடு. இவ்வளவு பெரிய உழைப்பாளர் படையை ஒற்றைச் சொல்லால் சட்டத்திற்கு வெளியே நிறுத்த முயல்கிறது மூலதனம். தொழிற்சங்கத் துண்டறிக்கைகளில்கூட இச்சொல் மேற்கோள் குறியின்றி நுழைந்துவிடுவது வருந்தத்தக்கது.

பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் ஊபர் வழக்கில் வேறு வழியில் சென்றது. ஒப்பந்தத் தாளில் எழுதியிருப்பதை முடிவானதாகக் கொள்ளாமல், கட்டணத்தையும் பணி நிபந்தனைகளையும் யார் தீர்மானிக்கிறார்கள் என்று பார்த்தது. ஓட்டுநர்கள் சுயதொழில் செய்பவர்கள் அல்லர், தொழிலாளர்களே என்று தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே அந்நாட்டு ஓட்டுநர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியையும் விடுமுறை ஊதியத்தையும் நிறுவனம் அறிவித்தது. இந்தியாவில் அவர்கள் இன்றும் 'பார்ட்னர்'கள்தான்.