கெண்டைக்குக் காது உண்டு

மீனுக்குக் காது கிடையாது, வலி தெரியாது, எத்தனை செத்தாலும் அடுத்த மழைக்குத் தானாக வந்துவிடும். கண்மாயில் வெடி போட்டு மீன் பிடிக்கிறவர்களைத் தட்டிக் கேட்டால் இந்த மூன்றும்தான் பதிலாக வரும். "அதுக்கு என்ன தெரியப் போகுது அண்ணாச்சி?" என்று எங்கள் ஊர் இளவட்டம் ஒருவன் என்னிடமே கேட்டான். மூன்றும் தப்பு. சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலையில் போர்மேனாக இருக்கிற நான் இதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது.

காதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கெண்டையோ கட்லாவோ வாங்கி வயிற்றைக் கீறினால், குடலுக்கு மேலே முதுகெலும்பை ஒட்டி வெள்ளையாக ஒரு காற்றுப்பை இருக்கும். நடுவில் இறுகி இரண்டு அறையாகத் தெரியும். பிள்ளைகள் பலூன் என்று எடுத்துக் காலால் மிதித்து உடைப்பார்கள். மீன் தண்ணீருக்குள் மூழ்காமலும் மேலே வந்துவிடாமலும் நிற்க அந்தப் பை உதவுகிறது என்பது பலருக்குத் தெரியும். கெண்டைக்குச் செவிப்பறையும் அதுதான். பையின் முன்பக்கத்திலிருந்து மண்டைக்குள் இருக்கும் உட்காது வரைக்கும், பக்கத்துக்கு நாலாகப் பொடி எலும்புகள் கோத்திருக்கின்றன. ஜெர்மனியைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் வேபர் 1820-இல் விவரித்து எழுதியதால் அவற்றுக்கு வேபர் எலும்புகள் என்று பெயர். சத்தம் வந்தால் பை அதிரும், அந்த அதிர்வை எலும்புகள் காதுக்குக் கொண்டுபோகும். கெளுத்தி வகைக்கும் இதே ஏற்பாடுதான். தேனீக்களின் நடனத்தை ஆராய்ந்து பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வான் ஃபிரிஷ், கண் தெரியாத ஒரு கெளுத்தியை விசில் சத்தத்துக்குப் பழக்கி 1923-இல் எழுதினார். விசில் அடித்தால் அது ஒளிந்திருந்த குழாயை விட்டு இரைக்காக வெளியே வந்தது.

இப்போது வெடிக்கு வருவோம். காற்றில் சத்தம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது, தண்ணீரில் சுமார் 1,500 மீட்டர். தண்ணீர் லேசில் அமுங்கிக் கொடுக்காது. மீனின் சதையும் பெரும்பகுதி தண்ணீர்தான். அதனால் வெடியின் அழுத்தம் சதை வழியாக நேரே போய்க் காற்றுப்பையை நெரிக்கிறது. நெரிந்த காற்று அடுத்த கணமே விரிய, பை கிழிகிறது, பக்கத்தில் இருக்கும் சிறுநீரகமும் ரத்தக் குழாய்களும் சேர்ந்து கிழிகின்றன. கேட்பதற்கென்று இருக்கிற உறுப்பின் மேலேயே அடி விழுகிறது. பை கிழிந்த மீன் பலவும் மிதக்காது. வெடி போட்டவன் அள்ளிக்கொண்டு போவது மேலே வந்த மீனை மட்டும்தான். அடியில் போனது அங்கேயே அழுகும்.

ஜிலேபிக் கெண்டையின் மேல் இருக்கும் பழியையும் சொல்லியாக வேண்டும். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஆப்பிரிக்க மீன் அது. பிடித்த மீனின் வாயைப் பிளந்தால் சில சமயம் உள்ளே மஞ்சள் முட்டைகள் இருக்கும், சில சமயம் கண் மட்டும் தெரிகிற குஞ்சுகள் இருக்கும். தன் குஞ்சையே தின்கிற மீன் என்று முகம் சுளிப்பார்கள். உண்மையில் தாய் மீன் வாய்க்குள் வைத்து அடைகாக்கிறது. அத்தனை நாளும் அது ஒழுங்காக இரை எடுப்பதில்லை. நீந்தத் தொடங்கிய குஞ்சுகளும் ஆபத்து என்றால் தாயின் வாய்க்குள் ஓடிப் புகுந்துகொள்ளும். விராலோ சிவப்புக் குஞ்சுக் கூட்டத்துக்குக் கீழேயே காவல் கிடக்கும். இவற்றின் நடுவில்தான் தோட்டா விழுகிறது.

வலியைப் பற்றி: 2003-இல் ஸ்காட்லாந்தில் லின் ஸ்னெடன் குழுவினர் டிரவுட் மீன்களின் உதட்டில் தேனீ விஷத்தையும் அமிலத்தையும் செலுத்திப் பார்த்தார்கள். மீன்கள் உதட்டைச் சரளைக் கல்லில் தேய்த்தன, மணிக்கணக்கில் இரை எடுக்கவில்லை. மார்ஃபின் கொடுத்தபோது தேய்ப்பது குறைந்தது. மனிதனின் வலியும் இதுவும் ஒன்றா என்று வாதிடுகிறவர்கள் உண்டு. எனக்கு இந்தச் சாட்சி போதும்.

அடுத்து, மழைக்கு மீன் தானாக வரும் என்கிற நம்பிக்கை. சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த கண்மாயில் கார்த்திகையில் மீன் துள்ளினால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். காய்ந்த மண்ணில் மாதக்கணக்கில் தாங்கும் முட்டைகள் ஆப்பிரிக்காவில் சில கில்லி மீன்களுக்கு உண்டு. நம் கட்லா, ரோகு முட்டைகள் தண்ணீரில் ஒரு நாளுக்குள் பொரித்துவிடும், காய்ந்தால் செத்துவிடும். விராலும் பனையேறிக் கெண்டையும் காற்றையே சுவாசிக்கக் கூடியவை என்பதால் ஈரச் சேற்றில் புதைந்து கோடையைத் தள்ளும். பனையேறி, செவுள் மூடியை ஊன்றி ஈரத் தரையில் நகரவும் செய்யும். 1791-இல் தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்ற டேனிஷ் படை அதிகாரி அது பனைமரத்தில் ஏறக் கண்டதாகவே எழுதி வைத்தார். மற்ற மீனெல்லாம் மேல் கண்மாய் மறுகால் பாய்ந்து வரத்துக்கால் வழியாக வந்தவை, அல்லது குத்தகைக்காரர் குஞ்சு வாங்கி விட்டவை. எங்காவது தாய் மீன் உயிரோடு இருக்க வேண்டும், வரத்துக்கால் அடைபடாமல் இருக்க வேண்டும். இரண்டையும் கெடுத்துவிட்டால் எத்தனை அடைமழை பெய்தாலும் வெறும் தண்ணீர்தான் நிற்கும்.

வெடி வைத்து மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டமே தடை செய்திருக்கிறது. அன்று எழுதிய தண்டனை அதிகபட்சம் இரண்டு மாதச் சிறை, அல்லது 200 ரூபாய் அபராதம். ஆலையில் ஒரு சிட்டிகை மருந்து தரையில் சிந்தினாலும் நாங்கள் பதறுகிறோம். அதே ஊரில் திரியைக் கொளுத்திக் கண்மாய்க்குள் எறிவதை விளையாட்டாகப் பார்க்கிறார்கள். அப்படி எறியப்போய்க் கையைத் தொலைத்தவர்களும் தமிழ்நாட்டில் உண்டு.

தீபாவளிச் சரக்குப் போனதும் ஆலைகளுக்கு லீவு. கண்மாய்க்குப் புதுத்தண்ணீர் வருவதும் அதே சமயத்தில்தான். அந்த நாட்களிலாவது ஊராட்சி கரையில் காவலுக்கு ஆள் போட வேண்டும். வெடி போட்டால் குத்தகை ரத்து என்று ஏலப் பத்திரத்திலேயே எழுத வேண்டும். ஆலை ஆட்களிடம் நான் பேசிக்கொள்கிறேன்.